ஒரு விரல் அகலம்

"நேரா உக்காருங்க சார். வயித்தை உள்ளே இழுக்காதீங்க, நான் என்ன போட்டோவா எடுக்கப்போறேன்?"

வந்திருப்பவர் வங்கிக் காவலாளி. சைக்கிளுக்கு வேறு சீட் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடலாம் என்று வந்தவர். சைக்கிள் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அதன் சொந்தக்காரரைத்தான் உள்ளே கூட்டிவந்து, மர ஸ்டூலின் மேல் பெட்டி அட்டை ஒன்றைப் போட்டு, அதன் மேல் உட்கார வைத்திருக்கிறார் நம் ஆள். இரண்டு குதிகால்களுக்கும் அடியில் காலுக்கொரு செங்கல். முழங்கைகள் முட்டியின் மேல். "இன்னும் கொஞ்சம் குனிங்க. கீழே விழுந்த சில்லறையைத் தேடுற மாதிரி." காவலாளி கூச்சத்தில் நெளிகிறார். "நெளியாதீங்க சார். இது வெறும் அட்டை, கடிக்காது." இந்த நகைச்சுவையை ஒரு நாளைக்கு ஆறு முறை சொல்வார். ஆறு முறையும் முதலில் சிரிப்பது அவரேதான்.

மனதுக்குள் அறுபது எண்ணி முடித்ததும் காவலாளியை எழுப்பி, அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறார். சாக்பீஸைப் படுக்கவைத்து அட்டை முழுக்கத் தேய்க்கிறார். எல்லா இடமும் வெளுத்துவிட, இரண்டே இரண்டு இடங்கள் மட்டும் வெளுக்காமல் பழுப்பாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கட்டைவிரல் பதிந்த அளவில். மனிதன் உட்காரும் எலும்புகள் இரண்டும் அழுத்திய பள்ளங்கள் அவை. நடுவுக்கு நடு இரும்பு ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளந்து, காதிடுக்கிலிருந்து பென்சிலை உருவி அட்டையின் மூலையில் எழுதுகிறார்: 'வங்கிக் காவலாளி 118.' பிறகு அதைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி மாட்டுகிறார். அங்கே ஏற்கெனவே 'தபால்காரர் 121', 'நீச்சல் மேடம் 139', 'கோர்ட்டு டைப்பிஸ்ட் 109' எல்லாரும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் அட்டைக்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் சைக்கிள் கடையின் பின்கட்டு அவருடைய ராஜ்ஜியம். முன்கட்டில் முதலாளி உட்கார்ந்து புதுச் சைக்கிள் விற்கிறார். முப்பத்தொரு வருஷமாகப் பின்கட்டில் நின்றுகொண்டே இருக்கிறார் இவர். நின்றுகொண்டே என்றால் நிஜமாகவே நின்றுகொண்டே. மதியச் சாப்பாடுகூட நின்றபடிதான். பின்கட்டில் இருப்பது ஒரே ஸ்டூல், அதில் எப்போதும் ஒரு புது அட்டை அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். ஐம்பத்தேழு வயது, ஒட்டிய உடம்பு, டியூப் ரப்பரை நாடாவாக வெட்டிக் கட்டிய மூக்குக்கண்ணாடி. செயின், பிரேக், பஞ்சர் எல்லாம் பார்ப்பார். ஆனால் சீட் என்று யாராவது சொல்லிவிட்டால் கையில் இருக்கும் வேலை அப்படியே கிடக்கும்.

"மெத்துமெத்துன்னு இருந்தா சொகம்னு நெனைச்சிக்கிறாங்க. மெத்தையில தூங்கலாம், ஓட்ட முடியுமா? நம்ம உடம்புல உக்கார்றதுக்குன்னு இருக்கிறது ரெண்டே எலும்பு. அது ரெண்டும் சீட்டு மேல நிக்கணும். நடுவுல இருக்கிறது சதை. சதை மேல பாரத்தை ஏத்தினா அது கத்தத்தான் செய்யும்."

இதைக் கேட்டுவிட்டுத் தப்பித்துப் போக முடியாது. அளவுக்கேற்ற சீட்டை மாட்டி, ஆள் ஏறினாலும் அசையாத இரும்பு ஸ்டாண்டில் சைக்கிளைப் பூட்டி, ஏறி உட்காரச் சொல்வார். குதிகாலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டச் சொல்லி உயரம் பார்ப்பார். சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை நட்டைத் திருகுவார். கடைசியில், கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை எடுத்து, அதன் நூலை ஓட்டுகிறவரின் முட்டியில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிடுவார். குண்டு ஆடி ஆடி நிற்கவேண்டும். நிற்கும் இடம் பெடலின் அச்சுக்கு நேராக இருக்கவேண்டும். "குண்டு நிக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்பார். விடாமல் இருந்தவர்களும் உண்டு.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "வலிக்குதா?" ஸ்டாண்டில் இருக்கும்போது ஒரு முறை. தெருவை ஒரு சுற்று சுற்றிவந்ததும் ஒரு முறை. ஒரு வாரம் கழித்து எங்கே பார்த்தாலும், நடுரோடாக இருந்தாலும் சரி, நிறுத்தி ஒரு முறை. வாடிக்கையாளர்களில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். எதிராளியுடன் மும்முரமாகப் பேசிக்கொண்டு போனவரிடம் குறுக்கே வந்து, "இப்போ எப்படி சார், ரெண்டு பக்கமும் சமமா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். எதிராளிக்கு என்ன புரிந்ததோ, வழக்கு சமாதானத்தில் முடிந்ததாம்.

தெருவில் நடக்கும்போதும் சும்மா இருக்க மாட்டார். நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளின் சீட் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றால் அவருக்குப் பொறுக்காது. சட்டைப் பையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது, கை துறுதுறுக்கிறது, யார் வீட்டுச் சைக்கிளானால் என்ன? இரண்டு முறை திருடன் என்று பிடிபட்டிருக்கிறார். பிடித்தவர்களில் ஒருவர் இப்போது ஆணியில் தொங்குகிறார்: 'மரக்கடைக்காரர் 124.'

அந்தக் கடையில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருக்கிறது. 'பழகிடும்' என்பதுதான் அது. ஒரு நாள் அவசரத்தில் முதலாளியே ஒரு வாடிக்கையாளரிடம், "புதுசுல அப்படித்தான் இருக்கும் சார், பழகிடும்" என்று சொல்லிவிட்டார். பின்கட்டிலிருந்து ஸ்பேனரும் கையுமாக வந்து நின்றார் அட்டைக்காரர். "பழகாது சார். பொறுத்துக்குவீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல." முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சண்டைக்குப் போகாமல் கல்லாவுக்குத் திரும்பினார். இந்த மனிதருக்கு அந்த வார்த்தை ஏன் ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

பின்கட்டின் உத்தரத்தில் பழைய தோல் சீட் ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. கறுத்து, எண்ணெய் குடித்து, விளிம்பில் செம்பு ஆணிகள் மினுங்கும் அழகான சாமான். பார்க்கிறவர்கள் எல்லாரும் விலை கேட்பார்கள். "அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்டவர் வேறு பேச்சுக்குப் போன பிறகு, "உக்கார்றதுக்கும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அவருடைய மனைவி இந்தக் கடைக்கு முதன்முதலில் வந்தது சண்டை போட. அவர் சரிசெய்து கொடுத்த பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளி முன்னாலேயே கிழிகிழியென்று கிழித்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. "பிரேக்குல தப்பில்ல. அவ வேகத்துக்கு எந்த பிரேக் நிக்கும்?" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் ஏரிக்கரை வரைக்கும் சைக்கிளில் போவார்கள். அவள் முன்னால், இவர் பின்னால். "மெக்கானிக் நான். தூசி தின்னுட்டு வர்றதும் நான்." ஏரிக்கரையில் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, இவர் வந்து சேரும்வரை வேண்டுமென்றே கொட்டாவி விடுவாள்.

அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை பதினாறு வருஷத்துக்கு முன்பு ஊரின் அடுத்த கோடிக்கு மாறியது. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. அன்றைக்கு இவர் ஒரு காரியம் செய்தார். பிரியத்தில் செய்த காரியம். அதனால்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தத் தோல் சீட் அப்போது அவருடைய சைக்கிளில் இருந்தது. பழைய இரும்புக் கடையில் வெறும் சட்டத்தோடு கிடந்த சைக்கிளிலிருந்து கழற்றி வந்து, எண்ணெய் போட்டு, வெயிலில் வைத்து, பன்னிரண்டு வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்து பதப்படுத்தியது. வேறு யாரையும் தொட விடமாட்டார். மழை வந்தால் தான் நனைந்து, தொப்பியைக் கழற்றி சீட்டுக்குப் போடுவார். அதைக் கழற்றித் துடைத்து, மனைவியின் சைக்கிளில் தன் கையாலேயே மாட்டினார். "இனிமே தூரம் போகணும்ல. பூ மாதிரி இருக்கும் பாரு."

அவருக்குப் பூ மாதிரிதான் இருந்தது. ஏன் இருக்காது? பன்னிரண்டு வருஷமாக அவருடைய எலும்புக்கு அல்லவா அந்தத் தோல் இடம் கொடுத்திருந்தது!

முதல் வாரமே அவள் சொன்னாள், "என்னங்க, குத்துது." இவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "புதுசுல அப்படித்தான். பழகிடும்." அடுத்த மாதம், "ரெண்டு பக்கமும் மரத்துப் போகுதுங்க." "தோல் சீட்டுன்னா சும்மாவா? பழகிடும்." மூன்றாவது முறை அவள் வாயால் சொல்லவில்லை, சீட்டின் மேல் ஒரு துண்டை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ராஜா மாதிரி சீட்டு. அதுக்குப் போய் முக்காடு போட்டு வெச்சிருக்கே?" என்று அவிழ்த்துவிட்டார். நான்காவது முறை, தன் பழைய சீட் எங்கே என்று கேட்டாள். அதை எப்போதோ வேறு யாருக்கோ மாட்டிவிட்டிருந்தார்.

ஐந்தாவது முறை என்று ஒன்று வரவில்லை. ஆறு வருஷம் அந்தச் சீட்டிலேயே போய்வந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திப் பூட்டிவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "நேரம் இல்லீங்க" என்றாள். பஸ் சைக்கிளைவிட இருபது நிமிடம் அதிகமாக எடுத்துக்கொள்ளும். அது இவருக்கும் தெரியும். தெரிந்தும், வயசாகிறது, வேலை அதிகம், வளர்ந்த பெண் வீட்டில் இருக்கிறாள் என்று ஏதேதோ காரணத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குத் தனியாக இரண்டு முறை போனார். தூசியே இல்லாத பாதையில் போவது என்னவோபோல் இருந்ததால் அதையும் விட்டுவிட்டார்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், தண்ணீர் மீட்டர் பார்க்கும் அம்மாள் ஒருவர் கடைக்கு வந்தார். இன்றைக்கு ஆணியில் 'மீட்டர் அக்கா 136' என்று தொங்குகிறவர். அவர் சைக்கிளில் இருந்தது அண்ணன் கொடுத்த தோல் சீட். நல்ல சாமான்தான், உட்காரத்தான் முடியவில்லை.

"அக்கா, அடுத்தவங்க பழக்கின தோல் சீட்டுல உக்காரவே கூடாது" என்று ஆரம்பித்தார் அட்டைக்காரர், வழக்கமான உற்சாகத்தோடு. "அவங்க எலும்புக்குப் பள்ளம் விழுந்திருக்கும். உங்க எலும்பு மேட்டுல நிக்கும். காலம் பூரா குத்தும்."

"எங்க வீட்டுல யாரு கேக்குறாங்க? பழகிடும், பழகிடும்னே சொல்றாங்க."

"எந்த மடையன் சொன்னான்?"

கேட்டுவிட்டார். கேட்டு முடிப்பதற்குள் கையிலிருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். விழுந்தது தெரிய இந்தப் பல்லிக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. மீட்டர் அக்கா, "என்ன அண்ணே, என்ன ஆச்சு?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்குக் கீழே குந்தி, அந்தச் சீட்டைக் கழற்றிப் பார்த்தார். தோலில் பள்ளங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. கட்டைவிரல்களை வைத்துப் பார்த்தார். அவருடைய பள்ளங்கள். ஆறு வருஷம் அவள் உட்கார்ந்தும் அந்தத் தோல் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. அதற்கு வெளியே, செம்பு ஆணிகள் இருக்கும் விளிம்பில், தேய்ந்த தடம் தெரிந்தது. அவள் ஆணியின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

மேலே மனைவி மருத்துவமனைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீட்டு உனக்கு வலிச்சுதா?"

"எந்த வருஷத்துக் கேள்விங்க இது?"

"வலிச்சுதா, சொல்லு."

"வலிச்சுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நாலு தடவை சொன்னேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அஞ்சாவது தடவைதான் சொல்லல."

"பழகிடும்னு நெனச்சேன்..."

"பழகிடுச்சுங்க. பஸ்ஸு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சட்டைக் கைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே, காய்கறிக்காரரிடம் பாக்கி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாளே கடையிலிருந்து அட்டையைக் கொண்டுவந்தார். "ஒரே நிமிஷம், உக்காந்து எந்திரி. அளவு எடுத்து மாட்டித் தர்றேன்." அவள் அட்டையையும் அவரையும் பார்த்தாள். "நான் உங்க கஸ்டமர் இல்லீங்க" என்றாள்.

அதிலிருந்து தொடங்கியது அட்டைக்காரரின் திருட்டுத்தனம். சமையலறை ஸ்டூலின் துணி உறைக்குள் அட்டையை நைசாகச் சொருகி வைத்தார். மறுநாள் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரம் அந்த அட்டையைச் சுற்றிக் கட்டி வந்தது. சோபாவிலிருந்து அவள் எழுந்ததும் பாய்ந்து போய், குழி மறைவதற்குள் ஸ்கேலை வைத்து அளந்தார். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள். சோபாவின் பஞ்சு யாருக்கும் உண்மை சொல்லாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அளந்தார்.

அளவு கிடைக்காவிட்டால் என்ன, குத்துமதிப்பாகவாவது மாட்டுவோம் என்று ஒவ்வொரு சீட்டாகக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளில் பொருத்தினார். நாலு வருஷத்தில் ஏழு சீட். ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு அதன் மேல் படியும் தூசியைத் தினமும் காலையில் குனிந்து பார்ப்பார், யாராவது உட்கார்ந்த அடையாளம் இருக்கிறதா என்று. தூசி ஒழுங்காகப் படிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏறுவதையே குறைத்துக்கொள்ளவேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவரும் கூடவே உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகும் மூன்று சீட் மாட்டினார். அவளைச் சைக்கிள் ஓட்ட வைப்பது என்பது அப்போதே கைவிட்டுப் போய்விட்டது. அந்த ஒரு அளவு தெரியவேண்டும் என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை. ஊரில் முந்நூறு பேருடைய அளவு அவருடைய சுவரில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கூடவே இருக்கிறவளுடைய அளவு இல்லை.

போன மாதம் வீட்டின் சொந்தக்காரர் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். "குடுத்துடுங்க" என்றாள் மனைவி, சைக்கிளைத்தான். "யாராவது ஓட்டட்டும்." இவர் பூட்டியிருந்த பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அதைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போய் பின்கட்டு ஸ்டாண்டில் பூட்டினார். மூன்று வாரம் அதன் மேல் விலை எழுதிக் கட்டவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. நாலாவது வாரம் பாட்டு டீச்சர் ஒருவர் வந்து பார்த்து, பிடித்துப்போய், அட்டையில் உட்கார்ந்து அளவும் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை மதியம் தூறிக்கொண்டிருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். டீச்சரின் அளவுக்கான சீட்டைச் சைக்கிளில் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது. மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இந்தக் கடைக்குள் வந்தது அபூர்வம்.

"பூட்டுச் சாவி" என்று கைப்பையைத் துழாவினாள். "இது இல்லாம அந்த டீச்சர் என்ன பண்ணுவாங்க?" நீல நூல் கட்டிய சின்னச் சாவி ஒன்று வெளியே வந்தது.

"இது இன்னும் உன் பையிலயா இருந்துச்சு?"

"பையில என்னென்னமோ கிடக்கு."

பத்து வருஷத்தில் அவள் மூன்று கைப்பைகள் மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பழைய பையைக் கவிழ்த்து, வேண்டாததை எறிந்து, வேண்டியதைப் புதிய பைக்குள் எடுத்து வைப்பதை அவர் பார்த்திருக்கிறார். அப்படியானால் இந்தச் சாவியும் மூன்று முறை வேண்டிய பக்கத்துக்குப் போயிருக்கிறது. சாவியை வாங்கி, அதன் நீல நூலைக் கட்டைவிரலால் தடவினார்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி, தபால்காரர், நீச்சல் மேடம், மரக்கடைக்காரர். "எல்லாரும் இருக்காங்க" என்றாள். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் இருந்த அட்டையின் மேல் உட்கார்ந்தாள். செங்கல்களைக் காலாலேயே இழுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"குனியணும்ல? சில்லறையைத் தேடுற மாதிரி?"

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் அளந்த கதைகளை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவருக்கு எண்ணவே மறந்துவிட்டது. "அறுபது ஆச்சு" என்று அவளேதான் சொல்லி எழுந்தாள்.

சாக்பீஸைப் படுக்கவைத்து அட்டை முழுக்கத் தேய்த்தார். இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. அளந்தார். நூற்று முப்பத்து நாலு. இன்னொரு முறை அளந்தார், அதேதான். உத்தரத்திலிருந்து தோல் சீட்டை இறக்கினார். அதன் பள்ளங்களுக்கு நடுவே நூற்றுப் பதினாறு என்பது அவருக்குப் பார்க்காமலே தெரியும். அட்டையை அதன் மேல் வைத்து, இடது பள்ளத்துக்கு இடது பள்ளத்தைப் பொருத்திக் காட்டினார். வலது பள்ளம் விலகி நின்றது. அவள் தன் ஆள்காட்டி விரலை அந்த இடைவெளியில் வைத்தாள். சரியாக அடைத்துக்கொண்டது.

"இவ்வளவுதானா?"

அவர் அட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டார்.

"ஒரு விரலுக்கா ஆறு வருஷம்?" என்றாள். விரலை எடுக்காமலே, "உங்களுக்கு உசிரான சீட்டாச்சே. வேணாம்னு திருப்பிக் குடுக்க எனக்குத்தான் வாய் வரல" என்றாள்.

அவர் திரும்பிப் போய் மேல் அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். இருபது வருஷமாக நூற்று முப்பத்து நாலு என்று யார் வந்தாலும் அவர் தேடாமல் எடுக்கும் ரகம். டீச்சருக்காக மாட்டியதைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எதுக்குங்க இப்போ? அஞ்சு மணிக்கு அவங்க வந்துடுவாங்க."

"வரட்டும். திருப்பி மாட்டிக் குடுத்துடறேன்."

"என் முட்டி இனிமே மிதிக்காதுங்க."

"தெரியும்மா" என்றார், நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மிதிக்க வேணாம். ஒரே ஒரு தடவை உக்காரு."

செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படி ஆக்கினார். அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கைகள் தாமாகவே ஹேண்டில்பாருக்குப் போயின. இரும்பு ஸ்டாண்ட் அசையவில்லை. வெளியே தூறல் வலுத்து, தெருவில் போகிறவர்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். அவர் எதையும் விடவில்லை. முழுதாக நீளாத வலது காலுக்கு ஏற்ப உயரத்தைக் குறைத்தார். அவளை இறக்கி, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை திருகி, மறுபடி ஏற்றி உட்காரவைத்தார். நாளைக் காலையில் ஏழு கிலோமீட்டர் போகப்போகிறவளுக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் செய்தார். பிறகு தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கீழே குந்தி, நூலை அவளுடைய முட்டியில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்தார். குண்டு ஆடியது.

"வலிக்குதா?"

அவள் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தாள், மறுபக்கம் சாய்ந்து பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்தாள்.

"இல்லீங்க" என்றாள், ஆச்சரியமாக. "வலிக்கவே இல்ல."

அவர் தலை நிமிரவில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது, அதை ஏற்றிவிடவும் இல்லை. பெடலின் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டு நின்னு ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள் அவள், மேலிருந்து, மெதுவாக.

அவர் முட்டியிலிருந்து விரலை எடுக்கவில்லை.